வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம்

அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். குன்னூரில் காலை ஏழு மணியாகியும் மூட்டம் கலையவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்து, இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். அவன் போனை என் பக்கம் நீட்டினான்.

"மாமா, இதைப் பாருங்க. பெரு நாட்டுல, அமேசான் காட்டுக்குள்ள. எட்டு நாள். அதுல நாலு ராத்திரி சடங்கு. அயவாஸ்கா."

ஓலை வேய்ந்த பெரிய வட்டக் கொட்டகை. உள்ளே வெள்ளை உடையில் சுற்றி உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள். நடுவில் பூ வேலைப்பாடு போட்ட சட்டையில் ஒரு முதியவர். அதற்குக் கீழே, இன்றைக்கே பணம் கட்டினால் தள்ளுபடி என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

"போகணும்னு ரொம்ப நாளா நினைப்பு மாமா. ஆபீஸ்ல ஒரு பொண்ணும் வரேன்னு சொல்லுது. ஆனா இந்த மாதிரி நூறு இடம் இருக்கு. எதை நம்புறதுன்னு தெரியல. நீங்க மருந்து தெரிஞ்சவர். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

இருபத்தெட்டு வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். அவன் போன வருஷத்திலிருந்து எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் சாப்பிடுவது எனக்குத் தெரியும். முதல் அட்டையை வாங்கிய அன்றே என்னிடம் போனில் கேட்டான். ஆகவே முதலில் நான் கேட்டது இதுதான்: "இந்த விண்ணப்பத்தில உன்கிட்ட என்னென்ன கேட்டாங்க, மாப்ள?"

பெயர், பாஸ்போர்ட் எண், விமானம் இறங்கும் நேரம், சைவமா அசைவமா, "உங்கள் நோக்கம் என்ன" என்று ஒரு வரி. அவ்வளவுதான். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கவே இல்லை.

டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சாக அது இல்லை. மதியம் வரை பேசினோம். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அயவாஸ்கா என்பது கெச்சுவா மொழிச் சொல். "அயா" என்றால் ஆவி, உயிர், செத்தவர் என்றெல்லாம் பொருள். "வாஸ்கா" என்றால் கயிறு, கொடி. ஆவிக் கொடி என்று சொல்லிக்கொள்ளலாம். காட்டு மரங்களில் முறுக்கிக்கொண்டு ஏறும் ஒரு தடித்த கொடியை நசுக்கி, சக்ருனா என்னும் புதர்ச் செடியின் இலையோடு சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சி, சுண்ட வைத்து எடுக்கும் கஷாயம் அது. கொலம்பியாவில் வேறோர் இலையைச் சேர்ப்பார்கள், யாஹே என்பார்கள்.

இலையில்தான் டிஎம்டி என்ற பொருள் இருக்கிறது. கண்ணை மூடினாலும் காட்சி விரிவது அதனால். ஆனால் இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் நடக்காது. நம் குடலிலும் கல்லீரலிலும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி, டிஎம்டி உள்ளே வந்ததும் அதை உடைத்துப் போட்டுவிடும். கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் போன்றவை சில மணி நேரத்துக்கு அந்தக் காவல்காரனைக் கட்டிப்போடுகின்றன. வெற்றிலையை மட்டும் மென்றால் நாக்கு சிவக்குமா? பாக்கும் சுண்ணாம்பும் சேர வேண்டாமா? அதுபோலத்தான். எண்ணற்ற செடிகள் உள்ள காட்டில் இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

காவல்காரனைக் கட்டிப்போடுவது என்ற இந்தச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பின்னால் வரும் ஆபத்துகளில் பாதி அதிலிருந்துதான் முளைக்கிறது.

குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் தொடங்கும். நாலைந்து மணி நேரம் நீடிக்கும். இரவில், விளக்கை அணைத்துவிட்டு நடக்கும். ஆளுக்கொரு மெத்தை, ஆளுக்கொரு வாளி. வாளி வாந்தி எடுப்பதற்கு. வாந்தியும் பேதியும் கோளாறு இல்லை, அங்கே அதற்குக் கழுவி விடுதல் என்றே பெயர். மருந்தின் வேலையில் அதுவும் சேர்த்தி. வைத்தியர் இருட்டில் பாடுவார். அந்தப் பாட்டுகளுக்கு இகாரோ என்று பெயர். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து உட்கார்ந்து அவருக்கென்று தனியாகப் பாடுவதும் உண்டு. கஷாயத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் என்பது பெரும்பாலும் அந்தப் பாட்டுதான்.

பெருவில் உக்கயாலி ஆற்றங்கரையில் வாழும் ஷிபிபோ மக்களின் வைத்தியர்கள் இதில் பேர்போனவர்கள். அவர்கள் மொழியில் வைத்தியருக்கு ஒனான்யா என்று பெயர். அறிவுடையவர் என்று பொருள். ஷாமன் என்ற சொல்லே சைபீரியாவிலிருந்து வந்தது, அமேசானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல ஒனான்யா ஆவதற்கு வருடக்கணக்கில் பத்தியம் இருக்க வேண்டும்: உப்பில்லை, சர்க்கரை இல்லை, உடலுறவு இல்லை, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒவ்வொரு செடியாகக் குடித்து அதனிடம் பாட்டைக் கற்க வேண்டும். நம் பக்கத்து வைத்தியத்திலும் மருந்து பாதி, பத்தியம் பாதி என்பார்கள். அதைச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

இன்னொன்றைச் சொன்னபோதுதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பழைய வழக்கத்தில் பல ஊர்களில் கஷாயத்தைக் குடித்தவர் வைத்தியர்தான். நோயாளி பெரும்பாலும் குடிப்பதில்லை. வைத்தியர் குடித்துவிட்டு, நோயாளியின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார், பாடுவார், உறிஞ்சி எடுப்பார், புகையிலைப் புகையை ஊதுவார். யார் ஏவிவிட்டார்கள், எந்த வினை என்று கண்டுபிடிப்பதும் அதில் ஒரு பகுதி. வந்தவர் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து கோப்பை கோப்பையாகக் குடிப்பது பெரும்பாலும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக வளர்ந்த பழக்கம். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் "பல்லாயிரம் வருடப் பாரம்பரியம்" என்று ஒரு விளம்பரம் சொன்னால், இந்த எட்டு நாள் திட்டம் அந்தப் பாரம்பரியத்தில் இல்லை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீலகிரிக்காரனாக ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கொடிக்கு முதலில் அறிவியல் பெயர் கொடுத்தவர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். 1852ல் பிரேசிலின் வாவ்பெஸ் ஆற்றங்கரையில் ஒரு விருந்தில் அவருக்கு இந்தக் கஷாயத்தைக் கொடுத்தார்கள். எட்டு வருடம் கழித்து அதே மனிதர்தான் ஈக்வடாரில் சிங்கோனா மரத்தின் விதைகளை ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்து அனுப்பினார். அவை இங்கே நம் மலைக்கு வந்து, நடுவட்டத்தில் தோட்டமாகி, மலேரியாவுக்குக் கொய்னா மருந்தாயின. சிங்கோனா, காபி, சக்ருனா மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். கூடலூர் போகிற வழியில் நடுவட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைவு வரும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இதில் நான் அவசரப்படவில்லை. அவனையும் அவசரப்பட விடவில்லை.

செரடோனின் என்ற பொருள் மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கொண்டு போகிறது. வேலை முடிந்ததும் அதை அகற்ற இரண்டு வழி இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு வடிகால் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, விட்ட நரம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்வது. மற்றது, நம் காவல்காரன், அந்த நொதி, உடைத்துப் போடுவது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின், பாராக்செட்டின் எல்லாம் முதல் வடிகாலை அடைக்கின்றன. மருந்தின் நோக்கமே அதுதான். அயவாஸ்காக் கொடி இரண்டாவது வடிகாலை அடைக்கிறது. இரண்டும் ஒரே நாளில் அடைபட்டால் தொட்டி வழியும். கை கால் நடுங்கும், தசை விறைக்கும், உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், குழப்பம் வரும். முற்றினால் வலிப்பு, மரணம் வரை போகலாம். மருத்துவர்கள் இதைச் செரடோனின் நோய்க்குறித் தொகுப்பு என்பார்கள். அயவாஸ்காவுக்கும் இந்த மாத்திரைகளுக்கும் ஆகாது என்று 1998லேயே ஆய்வாளர்கள் எச்சரித்து எழுதிவிட்டார்கள். இன்று ஒரு மையம் இதைக் கேட்காமல் பணம் வாங்குகிறதென்றால், தெரியாமல் நடந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"அப்ப ரெண்டு வாரம் முன்னாடி நிறுத்திட்டுப் போகலாம்ல மாமா?"

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. மாத்திரைக்கு மாத்திரை கணக்கு வேறு. ஃபுளுவாக்செட்டின் உடம்பை விட்டுப் போக ஐந்து வாரம் வரை ஆகும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மாத்திரை ஒரு காரணத்துக்காகத்தானே கொடுக்கப்பட்டது? சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் கெடும், தலைக்குள் மின்சாரம் தட்டுவது போலிருக்கும். பிறகு பழைய இருட்டு திரும்பி வரலாம். அது எங்கே வரும்? பாஷை தெரியாத காட்டில், மனசைத் திறந்து போடுகிற மருந்தைக் குடிப்பதற்கு முந்தின வாரம். நிறுத்துவதா வேண்டாமா, எப்படி நிறுத்துவது என்பது மாத்திரை எழுதிக் கொடுத்த மனநல மருத்துவரிடம் மட்டும் பேச வேண்டியது. மெடிக்கல் ஷாப்காரன் நானும் அதைச் சொல்லக் கூடாது, கொட்டகை நடத்துபவரும் சொல்லக் கூடாது.

ஆகாத மருந்துகள் இத்தோடு முடியவில்லை. வலிக்குக் கொடுக்கும் டிராமடால், இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், கவனக் குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், லித்தியம். இதில் இருமல் சிரப்தான் எனக்குக் கவலை. அதை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விமானத்தில் சளி பிடித்து, பையிலிருந்து இரண்டு மூடி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இருதயக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கர்ப்பம் இருந்தாலும் பேச்சுக்கே இடமில்லை. சாப்பாட்டிலும் நாள்பட்ட சீஸ், பதப்படுத்திய இறைச்சி, சோயா சாஸ் போன்றவற்றைச் சில நாள் தள்ளி வைக்கச் சொல்வார்கள். நம் வீட்டுக் கருவாடும் அந்த வகைதான்.

பிறகு, எங்கள் குடும்பத்தில் யாரும் பேசாத ஒன்றைப் பேச வேண்டியிருந்தது. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். கடைசி முப்பது வருடம் பின்கட்டு அறையிலேயே கழித்தார். சுவரோடு பேசுவார். வீட்டில் யாரும் அதை வியாதி என்று சொன்னதில்லை, "அவன் ஒரு மாதிரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவனுக்கு அவரைத் தெரியாது. அக்கா சொல்லியிருக்க மாட்டாள். அன்றைக்கு நான் சொன்னேன். மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ தனக்கோ ரத்த உறவில் யாருக்கோ இருந்தால், இந்தக் கஷாயம் உள்ளே தூங்குவதை எழுப்பிவிடக்கூடும். ஒழுங்கான இடம் குடும்ப வரலாறு கேட்கும். கேட்டால் பதில் சொல்ல, நமக்கு நம் குடும்பம் தெரிந்திருக்க வேண்டும். "ஒரு மாதிரி", "சாமி வந்தது", "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்ற பேச்சுக்கெல்லாம் பின்னால் என்ன இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எந்த விண்ணப்பத்தையும் நிரப்ப வேண்டும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "ஆனா இதால டிப்ரஷன் குணமாகுதுன்னு ஆராய்ச்சியே இருக்கே மாமா" என்றான்.

இருக்கிறது. பிரேசிலில் நத்தால் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்தார்கள், 2019ல் வெளியானது. குறைந்தது இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் கேட்காத மனச்சோர்வு உள்ள 29 பேர். 14 பேருக்கு அயவாஸ்கா, 15 பேருக்குப் போலி மருந்து. போலியைக்கூட ஏனோதானோ என்று செய்யவில்லை. கசப்பாக, பழுப்பு நிறமாக, துத்தநாக சல்பேட் சேர்த்து வயிற்றைப் புரட்டும்படி செய்திருந்தார்கள். ஒரே ஒரு முறை குடித்ததில், ஏழாம் நாளில் அயவாஸ்கா குடித்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் பாதிக்குப் பாதியாவது குறைந்திருந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது சிறிய ஆய்வு, ஏழு நாள் கணக்கு. அதோடு, அங்கே என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். பழைய மாத்திரைகளை மருத்துவர்கள் பார்த்து நிறுத்தினார்கள். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. குடித்தவர்களை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார்கள். அந்த 64 சதவீதத்தை எடுத்துத் தன் விளம்பரத்தில் போடுகிற மையம், அந்த மருத்துவர்களின் கவனத்தையும் எடுத்துக்கொண்டதா?

2022ல் வந்த இன்னொரு ஆய்வு, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அயவாஸ்கா குடித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டது. ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு உடம்பு உபாதை, பெரும்பாலும் வாந்தி. மருத்துவ உதவி தேவைப்பட்டவர்கள் 2.3 சதவீதம். அடுத்து வந்த வாரங்களிலும் மாதங்களிலும் மனத்தளவில் சிரமப்பட்டதாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல். அவர்களில் பலர் அதையும் குணமாவதன் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். 2.3 என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. நூறு பேரில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருந்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

இக்கிட்டோஸ் நகரத்துக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. விமானத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் நாள்கணக்கில் படகில். அங்கிருந்து மையங்களுக்கு மறுபடி படகு, அதன் பிறகு சேற்றில் நடை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "அறைகளில் ஃபேன் இருக்கிறதா" என்பது இல்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு வலிப்பு வந்தால் யார் தூக்குவார்கள், படகு கட்டியிருக்கிறதா, எரிபொருள் இருக்கிறதா, எத்தனை மணி நேரத்தில் எந்த மருத்துவமனை? அன்றிரவு கஷாயம் குடிக்காமல் தெளிவாக இருக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? எத்தனை பேருக்கு ஒருவர்? இதற்கு ஊர்ப்பெயரும் மணிக்கணக்குமாக ஒருவர் பதில் எழுதினால், அவர் அதை ஏற்கெனவே யோசித்திருக்கிறார் என்று பொருள். "எதுவும் நடக்காது, செடித் தாயை நம்புங்கள்" என்று பதில் வந்தால் அங்கே போகவே வேண்டாம்.

கோப்பையில் வேறு என்ன இருக்கிறது என்பது அடுத்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடை ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக, குழல் மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பூக்கள் உண்டு. மலைக்கு வருகிற எல்லாரும் அவற்றைப் படம் பிடிப்பார்கள். திண்ணையிலிருந்தே காட்டினேன். நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவு அது. சொந்த ஊர் தென்னமெரிக்கா. அங்கே தோயே என்பார்கள். காட்சிகள் பலமாக வர வேண்டும் என்று சிலர் அதன் இலையைக் கஷாயத்தில் சேர்க்கிறார்கள். அதில் இருப்பது ஸ்கோபோலமின், அட்ரோபின். நாக்கு வறளும், இதயம் ஓடும், ஆள் யாரென்று தெரியாமல் பிதற்றல் வரும், மறுநாள் நினைவு இருக்காது. ஊமத்தை விஷம் ஏறியவரை ஒரு முறை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கஷாயத்தை யார் காய்ச்சினார்கள், கொடி, இலை தவிர என்ன போட்டார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தானே காய்ச்சும் வைத்தியர் சந்தோஷமாகச் சொல்வார்.

சில மையங்கள் எட்டு நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்கின்றன: காம்போ என்னும் தவளைச் சுரப்பைத் தோலில் சுட்ட புள்ளிகளில் தடவுவது, வாந்திக்கென்று புகையிலைத் தண்ணீர் குடிப்பது. இவை ஒவ்வொன்றாலும் தனித்தனியே உயிர்கள் போயிருக்கின்றன. பட்டியல் நீளமாக இருப்பதைக் கொடுத்த பணத்துக்குக் கிடைக்கும் லாபம் என்று நினைக்கக் கூடாது.

கூட வரும் பெண்ணிடம் சொல்லச் சொன்னதைத் தனியாக எழுத வேண்டும். இருட்டு, மயக்கம், கையெடுத்துக் கும்பிடும் நிலையில் ஒரு குரு. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பெண்கள் மீது அத்துமீறல் நடந்திருக்கிறது, ஒன்றிரண்டு முறை மட்டும் இல்லை. அமெரிக்காவிலுள்ள சக்ருனா நிறுவனம் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிடும் அளவுக்கு நடந்திருக்கிறது. தலையுச்சியிலும் உள்ளங்கையிலும் முதுகிலும் புகை ஊதுவது வழக்கம். உடையைக் களையச் சொல்வதோ, அந்தரங்க உறுப்புகளைத் தொடுவதோ, தனியாக அழைப்பதோ எந்த வைத்தியத்திலும் சேர்த்தி இல்லை. பெண் வைத்தியர்கள் இருக்கிறார்களா, இரவு முழுக்கப் பெண் உதவியாளர் இருப்பாரா, பெண்கள் தூங்கும் இடம் எங்கே என்று அவள் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். அங்கே போய்வந்த பெண்களிடம், மையம் கொடுக்கும் பட்டியலைத் தாண்டி, தானாகத் தேடிப் பேச வேண்டும். ஷிபிபோ மக்களிடம் பெண் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை.

அவர்களில் ஒருவர் ஒலிவியா அரேவலோ. 81 வயது மூதாட்டி, பாட்டுக்குப் பேர்போனவர். 2018 ஏப்ரலில் தன் ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியம் கற்க வந்திருந்த ஒரு கனடா நாட்டவர் மீது ஊர் சந்தேகம் கொண்டது. அவரையும் கும்பலாகச் சேர்ந்து கொன்றார்கள். இதை நான் சொன்னது பயமுறுத்துவதற்காக இல்லை. வெளியூர்ப் பணமும் வெளியூர் நோயும் ஒரு சின்ன ஊருக்குள் போய் இறங்கும்போது ஊருக்கு என்ன ஆகிறது என்பதையும் போகிறவர்கள் சுமக்க வேண்டும். வாரத்துக்கு ஆயிரம் டாலர், மூவாயிரம் டாலர் என்று வாங்குகிறார்கள். இரவெல்லாம் பாடும் பாட்டிக்கு அதில் எவ்வளவு போகிறது? மையம் யாருடையது? வெட்டும் கொடிக்குப் பதில் கொடி நடுகிறார்களா? இதற்கும் பதில் கேட்கலாம். நல்ல இடங்கள் இதைக் கேட்பவரை மதிக்கின்றன.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பெரு அரசு 2008ல் அயவாஸ்கா அறிவை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அது அந்த மக்களுக்கான மரியாதை. எந்த மையத்துக்கும் கொடுத்த மருத்துவ உரிமம் ஆகாது. சிலர் அந்த அறிவிப்பை ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்து உரிமம் போலக் காட்டுவார்கள். பிரேசிலில் சாந்து தாய்மி போன்ற சபைகள் வழிபாட்டில் குடிக்க அனுமதி உண்டு, வியாபாரத்துக்கு இல்லை. பிரான்ஸில் 2005 முதல் தடை. பாரிஸிலிருக்கும் நம் உறவுகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் டிஎம்டி இருக்கிறது. நினைவுக்கு ஒரு குட்டி பாட்டில் என்று பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வர முடியாது. இங்கேயே மலையில், கடற்கரையில் ரகசியமாக நடத்துகிறார்களாம் என்று காதில் விழும். போலீஸ் பயத்தில் ஆம்புலன்ஸையே கூப்பிடத் தயங்குகிற இடம் அது.

இன்னொன்று, இதை விளம்பரங்களில் போட மாட்டார்கள். பெரு, பிரேசில் போய்வந்தால் திரும்பி இந்தியாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் அடைத்து வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த மஞ்சள் புத்தகம் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

"திரும்பி வந்ததுக்கு அப்புறம்?" என்றான். நல்ல கேள்வி, பலர் கேட்பதே இல்லை. அந்த நாலு இரவில் வாழ்க்கையே தெளிவாகிவிட்டது போலிருக்கும். வேலையை விடுவது, கல்யாணத்தை முறிப்பது, யாருக்கோ பத்து வருடத்துப் பழைய கணக்கைப் பேசிக் கடிதம் எழுதுவது, எல்லாம் அந்த ஈரத்தில் சரியாகத் தெரியும். சில மாதம் எதையும் செய்யாமல் இருக்க வேண்டும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று பக்கத்திலிருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அக்காவிடம் சொல்லாதே என்கிறானே, அது இங்கேதான் உதைக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் போனவன் வீட்டுக்கு வந்து யாரிடம் பேசுவான்? அம்மாவிடம் சொல்லும் தைரியம் வரும்வரை டிக்கெட் போடாதே என்றேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

இவ்வளவு கேள்வியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு சோதனை போதும் என்று அவனை அங்கேயே உட்கார வைத்து இரண்டு மையங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பச் சொன்னேன். மூன்று வரி. இந்த மாத்திரையை இந்த அளவில் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். என் தாத்தாவின் தம்பிக்கு மனநோய் இருந்திருக்கலாம் என்று இன்றுதான் தெரிந்தது. நான் வரலாமா? பணம் வாங்கி வாழ்கிற ஒரு இடம், வருகிற ஆளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லுமா? அதைச் சொல்லத் தெரிந்த இடத்தில்தான், சரி வா என்று சொன்னாலும் அதற்கு மதிப்பு.

தள்ளுபடி போட்டிருந்த இடத்திலிருந்து அன்றைக்கு மாலையே பதில் வந்துவிட்டது. பத்து நாள் முன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டால் போதும், நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், உங்கள் இடத்தை இன்று இரவு வரை பிடித்து வைத்திருக்கிறோம்.

இரண்டாவது பதில் நாலு நாள் கழித்து, அவன் பெங்களூர் போன பிறகு வந்தது. எனக்கு அனுப்பினான். நீளமான கடிதம். எங்களுக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் இதைக் காட்டுங்கள். இந்த நிலையில் உங்களைச் சேர்த்துக்கொள்ள முடியாது, மன்னியுங்கள். உங்கள் தாத்தாவின் தம்பியைப் பற்றி அம்மாவிடம் கேட்டு இன்னும் தெரிந்துகொள்ள முடிந்தால் நல்லது, எங்களுக்காக இல்லாவிட்டாலும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். "ஏண்டா, சித்தப்பாவைப் பத்தி அவன் கேக்கறான். நீதான் சொன்னியா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவளே ஆரம்பித்தாள், எனக்கும் தெரியாததை எல்லாம்.